கௌரம்மாக்காவின் கொடியும் எங்கள் காஸ் உலையும்

முதலில் கேட்டது 'பொப்' என்ற சத்தம்தான். வெடி என்று சொல்லுமளவுக்குப் பெரிதில்லை. அடுத்த நொடி புது உலையின் வாயிலிருந்து மஞ்சளும் நீலமுமாக ஒரு தீ வெளியே வந்து, என் வீட்டுக்காரர் முகத்தை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போய்விட்டது.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கையில் கற்பூரத் தட்டு. நெற்றியில் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. இடது புருவத்தைத்தான் காணோம். மீசையில் இடது பாதி சுருண்டு, கறிக்கடையில் கோழியை வாட்டுகிற வாசனை ஷெட் முழுக்க வந்தது.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

"பாதி கீது," என்றேன்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூஜை மணியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன், மணியும் கூடவே ஆடியது. கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் உலைக்குள் எட்டிப் பார்த்து, "எரியுது ராணி, எரியுது," என்று குதிக்கிறார். பாதி மீசையோடு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் வெளியான புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாப் படத்திலும் மீசையோடு இருக்கிறவர் இதில் மட்டும் ஏன் மழமழவென்று இருக்கிறார்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மணி, காரணம் இதுதான்.

உலையை மூட்டுவதற்கு எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சாமி படத்துக்குக் காட்டிய கற்பூரத்தை அப்படியே கொண்டுபோய் உலையில் போட வேண்டும். கற்பூரம் விழுந்ததும் கரி சட்டென்று பிடித்துக்கொள்ளட்டும் என்று காற்றை முன்னாலேயே ஓடவிட்டிருப்போம். கரி உலைக்கு அது சரி. இவர் புது உலைக்கும் அதே முறையில் முதலில் காஸைத் திறந்துவிட்டார். பிறகு நிதானமாகப் பூஜை செய்தார். ஒரு சுலோகத்தைக்கூட விடவில்லை. அதன் பிறகுதான் கற்பூரத்தைக் காட்டினார்.

"மொதல்ல பேப்பரக் கொளுத்தி உள்ள வை, அப்புறம் காஸத் தொற," என்று உலை செய்ய உதவிய அந்தோணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ராகுகாலம் வந்துவிடும் என்று இவர் ஆரம்பித்துவிட்டார். ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத்தான் திருகியிருந்தார். அதனால்தான் மீசையோடு போனது.

கொடி காலியானால் நெருப்பு

அப்போது நாங்கள் பெங்களூர் நீலசந்திராவில் இருந்தோம். தொண்ணூறுகளின் பின்பாதி. கீழே ஒரு தகர ஷெட், அதை ஒட்டி ஒரே ஒரு ரூம். மேலே ஓனர் வீடு. லாரியின் பழைய கமான் பட்டையை, அந்த ஸ்பிரிங் இரும்பை, வாங்கி வந்து, துண்டு போட்டு, காய்ச்சி அடித்துக் கத்தி செய்வதுதான் எங்கள் பிழைப்பு. சிவாஜிநகர் கறிக்கடைகளில் பாதிக்கு மேல் எங்கள் கத்திதான். ஊருக்கெல்லாம் தீபாவளி என்றால் எங்களுக்கு பக்ரீத்.

அவர் குறடும் சுத்தியலும் பிடிப்பார். நான் ஊதுகாற்றுச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றுவேன். கைப்பிடி மரம் செதுக்கிப் போடுவதும் நான்தான்.

எரிப்பது கல்கரி, அதாவது நிலக்கரி. அதைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுக்கரி போட்டதும் மஞ்சளாக ஒரு புகை எழும்பும் பாருங்கள், அது கண்ணுக்குள் போய், தொண்டைக்குள் போய், இட்லி மாவுப் பாத்திரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். தலையில் வைத்த மல்லிகைப் பூ மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். இவர் என்னவோ, "கரி வாசன இல்லன்னா அது பட்டறையே இல்ல," என்று பேசிக்கொண்டு திரிவார்.

வெளியே போன புகை சும்மா போகாது. நேராக மேலே, கௌரம்மாக்காவின் துணிக்கொடிக்குப் போகும்.

கௌரம்மாக்கா எங்கள் ஓனரம்மா. கன்னடக்காரர். எங்களிடம் பேசும்போது மட்டும் தமிழும் கன்னடமும் கலந்து ஒரு பாஷை பேசுவார். வெள்ளைத் துணியை நீலம் போட்டு அலசி, மடிப்பு இல்லாமல் உதறி, பால்கனிக் கொடியில் காயப்போடுவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அந்தத் துணியில் எங்கள் கரித்தூள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாங்கள் குடிவந்த முதல் வாரமே ஒரு வெள்ளைப் பாவாடை கயிற்றில் கட்டப்பட்டு மேலேயிருந்து இறங்கி, என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"ராணி, நோடு," என்று குரல் மட்டும் வந்தது.

அதைத் துவைத்து அதே கயிற்றில் மேலே அனுப்பினேன். அன்றைக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கொடியில் துணி இருந்தால் நாங்கள் நெருப்பு மூட்டக் கூடாது. அந்த நேரத்தில் அரம் தேய்ப்பது, கைப்பிடி போடுவது, சாணை பிடிப்பது எல்லாம் நடக்கும். துணியை எடுத்ததும் கௌரம்மாக்கா பால்கனிக் கம்பியில் ஒரு கரண்டியால் தட்டுவார். 'டிங் டிங்' என்று கேட்டால் கரி போடலாம்.

மழைக்காலத்தில் துணி சீக்கிரம் காயாது. ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்த்தால் நாங்கள் கொடியைப் பார்ப்போம். "அந்தப் பச்ச சேல காஞ்சிருக்குமா?" என்று இவர் கேட்க, நான் வெளியே போய் அண்ணாந்து பார்த்து, "ஓரம் இன்னும் ஈரமாத்தான் கீது," என்பேன். அடுத்தவர் வீட்டுச் சேலை காய்வதற்காக இத்தனை வேண்டுதல் வைத்த பட்டறை பெங்களூரில் வேறு இருந்திருக்காது.

லதா வந்தாள்

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கௌரம்மாக்காவின் மகள் லதா, ஏழாம் மாதச் சீமந்தம் முடிந்து, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். முதல் பிரசவம். வளையல் குலுங்க ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நானும் போய் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

மறுநாள் கௌரம்மாக்கா கீழே வந்தார். கயிறு இறங்கவில்லை, அவரே இறங்கி வந்தார்.

"ராணி, யோசனை மாடு. மகு பொறந்தா தினம் எத்தனை துணி?"

நான் யோசித்தேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துணி காலையில் காயும், மத்தியானம் காயும், சாயங்காலமும் காயும்.

"கொடி காலியே ஆவாதுக்கா," என்றேன்.

"அதான். மூணு மாசம், நாலு மாசம் ஆகாது. பாணந்தி, பிள்ள பெத்தவ இருக்கிற வீட்ல ஹொகெ, அதான் பொக, வரக்கூடாது. பச்சக் கொழந்த மூக்குல கரி போனா நான் சும்மா இருக்க மாட்டேன். கொழந்த வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு நெருப்ப மாத்துங்க. இல்லன்னா எடத்த மாத்துங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம்.

கத்திப் பட்டறைக்கு இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்பார்கள். நெருப்பு, சுத்தியல், கத்தி என்று மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். நீலசந்திராவை விட்டால் ஊருக்கு வெளியே சந்தாபுரா பக்கம்தான் போக வேண்டும். அங்கிருந்து சிவாஜிநகருக்குக் கத்தி மூட்டையோடு பஸ் ஏறினால் கண்டக்டர் என்ன நினைப்பார்? அந்த வருஷம் பக்ரீத் வேறு, லதாவுக்கு நாள் குறித்த மாதத்திலேயே வந்தது.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. இவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "ஏதாச்சும் பண்ணலாம்," என்றார்.

லிங்கராஜபுரத்து அதிசயம்

அந்தோணி லிங்கராஜபுரத்தில் இரும்பு வெட்டும் கடை வைத்திருந்தான். கேட், கிரில், கம்பி வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல் கடையில் உட்கார்ந்திருந்தவனிடம் போய் எங்கள் கதையைச் சொன்னோம். அவன் ஒரு சிலிண்டரைத் தட்டிக் காட்டினான்.

"புரொப்பேன். இதுலதான் நான் ரெண்டு இஞ்சு பிளேட்டையே வெட்டறேன். சமையல் காஸு மாரிதான், ஆனா இதுல வேற எதுவும் கலக்கல. பொக வராது. சாம்பல் வராது."

"சூடு ஏறுமா?" என்று இவர் சந்தேகமாகக் கேட்டார்.

"அண்ணே, நீ தாங்க மாட்டே, அவ்ளோ ஏறும்."

இவர் நம்பவில்லை. காஸில் காபி போடலாம், கத்தி போட முடியுமா என்பது அவர் கட்சி. அந்தோணி நாலு செங்கல்லை வீடு மாதிரி அடுக்கி, நடுவில் கமான் பட்டைத் துண்டு ஒன்றை வைத்து, காஸ் குழாயின் வாயை அதில் காட்டினான். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இரும்பு பழுத்துப் பப்பாளி நிறத்துக்கு வந்துவிட்டது. யாரும் கைப்பிடி சுற்றவில்லை. யாரும் இருமவில்லை.

இவர் அந்தத் துண்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரியில் காய்ச்சினால் இரும்பில் சிட்டம் ஒட்டும், அதாவது கரி உருகின கசடு. இதில் ஒன்றும் ஒட்டவில்லை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை என்பதை நான் அங்கேயே சொன்னேன்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தூங்கும்போதுகூட "பர்னரு, பர்னரு" என்று முனகினார். ஒரு தடித்த இரும்புக் குழாயை அந்தோணி வெட்டிக் கொடுத்தான். உள்ளே சூடு தாங்கும் வெள்ளைப் போர்வை ஒன்றைச் சுற்றி, அடியில் ஃபயர் பிரிக் கல்லைப் பதித்தார்கள். மேலே ஓட்டை போட்டு பர்னரைச் சொருகினார்கள். சிலிண்டரை ஷெட்டுக்கு வெளியே சுவரோரம் சங்கிலியால் கட்டினார்கள். கௌரம்மாக்கா பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். லதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "அம்மா, அது பன்னிக்குட்டி மாதிரி இருக்கு," என்று சொன்னது எனக்குக் கேட்டது. உண்மைதான், நாலு கால் வைத்து அப்படித்தான் இருந்தது.

அந்தப் பன்னிக்குட்டிதான் பூஜை அன்று மீசையைத் தின்றது.

இது என்ன தோசைக்கல்லா?

டீ குடித்துவிட்டு வந்த அந்தோணி, இவர் முகத்தைப் பார்த்தான். நேராக வெளியே போய், சுவரைப் பார்த்து நின்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

உலை நன்றாக எரிந்தது. உள்ளே பகல் மாதிரி வெளிச்சம். சத்தம்தான் கொஞ்சம் அதிகம், 'ஹோ'வென்று ஒரே சீராக. புகை என்று பேருக்குக்கூட இல்லை. மேலே அன்றைக்கு இரண்டு கொடி நிறைய வெள்ளைத் துணி. நான் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன், ஒரு புள்ளி விழவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே நேரத்தில் மூன்று பட்டை உள்ளே போனது. இவர் ஒன்றை எடுத்து அடித்தார், அடுத்ததை எடுத்து அடித்தார். எல்லாம் ஒரே சூடு, ஒரே நிறம். பாட்டெல்லாம் பாடினார்.

அப்போதுதான் அது நடந்தது. கரி உலைக்காரர்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் டப்பா வைத்திருப்பார்கள். நெருப்பு ஓரத்துக்குப் பரவிக் கரி வீணாகாமல் இருக்க, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையை நனைத்து உலையோரத்தில் தெளிப்பார்கள். இதை மூளை செய்வதில்லை, கை தானாகச் செய்யும். பாட்டுப் பாடிக்கொண்டே இவர் கை டப்பாவுக்குள் போனது. நான் "வேணா" என்று வாயைத் திறந்தேன். கை உலை வாயில் ஒரு வீசு வீசியது.

'பட்'டென்று ஒரு சத்தம். செக்கச்செவேலென்று பழுத்திருந்த கல் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அந்தோணி காஸை மூடினான். பிளந்த கல்லைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணே," என்றான் நிமிர்ந்து, "இது இன்னா தோசைக்கல்லா, தண்ணி தெளிக்க?"

இவர் தன் கையையே முறைத்துப் பார்த்தார். வேறு யாருடைய கையோ என்பது மாதிரி பார்த்தார். நான் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் சமையலறைப் பரணில் போட்டேன். அடுத்த சில நாள் இவர் கை டப்பா இருந்த இடத்துக்குப் போய், காற்றை அள்ளி, உலையில் தெளித்துக்கொண்டிருந்தது.

அவரைச் சொல்லி என்ன? என் கையும் லேசுப்பட்டதில்லை. சுற்றுவதற்குக் கைப்பிடி இல்லை, ஆனாலும் உலை எரிந்தால் என் வலது கை வட்டம் போடும். அந்தோணி பார்த்துவிட்டு, "அக்கா, யாருக்கு மாவாட்டறே?" என்று கேட்டான். கை சும்மாதானே இருக்கிறது என்று இவர் பெரிய சம்மட்டியை என்னிடம் நீட்டினார். முதல் அடி பட்டறைக்கல்லில் விழுந்தது, இரண்டாவது இரும்பில் விழுந்தது. பழுத்த இரும்பு நம் அடிக்கு அமுங்கிக் கொடுக்கிற சுகம் இருக்கிறதே, அதை இத்தனை வருஷம் அவர் மட்டும் அனுபவித்திருக்கிறார் என்று எனக்குப் பொறாமையாகிவிட்டது. அன்றிலிருந்து நான் சம்மட்டியைக் கொடுக்கவில்லை.

சிவாஜிநகர் கறிக்கடைக் கரீம் பாய் பக்ரீத் கத்திகளைப் பார்க்க வந்தார். இவர் அதற்குள் மீதி மீசையையும் மழித்திருந்தார். பாய் அவரைத் தாண்டிப் போய், "தேவராஜ் கிதர்?" என்று என்னிடம் கேட்டார். நான் கை காட்டினேன்.

"யா அல்லா," என்றார் பாய். "ஆடு வெட்டத்தானே கத்தி கேட்டேன். நீ உன்னியே வெட்டிக்கினியா?"

கத்தியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார்.

மேலே சத்தமில்லை

புதுக்கல் பதித்த அன்றே லதாவுக்குப் பையன் பிறந்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குழந்தை வீட்டுக்கு வந்தது. பார்க்க மேலே போனேன். கௌரம்மாக்கா குழந்தையைக் காட்டினார். சாம்பிராணி வாசனையோடு, இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு படுத்திருந்தான். நான் திரும்பும்போது அவர் வாசல்வரை வந்தார்.

"ஹொகெ இல்ல, நான் பாத்தேன், சந்தோஷம். ஆனா சத்தம் இருக்கே. ஏரோப்ளேன் மாதிரி. கொழந்த தூங்கலன்னா அப்புறம் நான் சொன்னது சொன்னதுதான்."

சுத்தியல் சத்தத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. லதா ஏழாம் மாதத்திலிருந்து அங்கே இருந்ததால் பிள்ளை அதை உள்ளிருந்தே கேட்டு வளர்ந்தவன். இந்த 'ஹோ'தான் புதிது. அதை எப்படிக் குறைப்பது? காஸைக் குறைத்தால் சூடு ஏறாது. பக்ரீத்தோ கழுத்தில் வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் காலையில் மூட்டினால் மாலைவரை எரியவிட்டோம். ஒவ்வொரு நிமிஷமும் மேலே காதைக் கொடுத்துக்கொண்டேதான் அடித்தோம்.

பகல் முழுக்க மேலே சத்தமே இல்லை. அழுகை இல்லை, பேச்சில்லை. கரண்டி தட்டும் சத்தம்கூட இல்லை. சாயங்காலம் உலையை அணைத்தபின் பிள்ளை அழுவான், எந்தப் பிள்ளைதான் அழாது? துணி மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. கௌரம்மாக்கா எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பேசாமல் இருக்கிறார் என்றால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். சந்தாபுராவில் ஒரு ஷெட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இவர் விசாரிக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

பக்ரீத்துக்கு முதல் நாள் மத்தியானம் கடைசிக் கத்தியும் முடிந்தது. இவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ரெகுலேட்டரை மூடினார். 'ஹோ' நின்றது. இத்தனை நாள் கழித்து ஷெட்டில் பகலில் காக்காய் கத்துவது கேட்டது.

கொஞ்ச நேரம்தான். மேலே வீடே கிழிகிற மாதிரி ஓர் அழுகை எழுந்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு குரலா என்று நான் பயந்துவிட்டேன். லதா தாலாட்டுவது கேட்டது. கிலுகிலுப்பை கேட்டது. அழுகை நிற்கவில்லை. பிறகு படியில் காலடிச் சத்தம்.

"வராங்க," என்றார் இவர். மீசை இல்லாத அந்த முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் மாதிரி இருந்தது.

கௌரம்மாக்கா வந்தார். முடி கலைந்திருந்தது. கையில் அவர் வீட்டு அரிவாள்மணை.

"தேவராஜ், இதக் காய்ச்சி அடிச்சுக் குடு."

இவர் வாங்கிக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். போன மாதம்தான் நாங்களே பதம் வைத்துக் கொடுத்தது.

"அக்கா, இது நல்லாத்தானே கீது. வேணும்னா அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்துத் தரேன். நெருப்பே தேவையில்ல."

"அரம் பேடா, வேணாம்," என்றார் கௌரம்மாக்கா. "அரத்துக்குச் சத்தம் பத்தாது. நெருப்பு போடு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது எரியற வரைக்கும் தூங்கறான்," என்று அவர் மாடியைக் காட்டினார். "நீ நிறுத்தின தட்சணம் எழுந்துட்டான். ஒரு வாரமா நானும் லதாவும் மத்தியானம் தூங்கறோம். இந்த வீட்ல பிள்ளை பெத்தவ மத்தியானம் தூங்கினதா நான் கேட்டதே இல்ல."

நான் முந்திக்கொண்டு கேட்டேன். "அப்போ நாங்க காலி பண்ண வேணாமாக்கா?"

"மொதல்ல நெருப்பு போடு ராணி. அப்புறம் பேசலாம்."

இவர் காகிதத்தைக் கொளுத்தி உள்ளே வைத்தார். பிறகு காஸைத் திறந்தார். 'ஹோ'வென்று எரிந்தது. மேலே அழுகை ஒரு விக்கலில் நின்று, இன்னொரு விக்கல் வந்து, அடங்கிவிட்டது. உலைக்குள் ஒரு துண்டு இரும்பு இல்லை. மூன்று பேரும் வெறும் உலையைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

காலி பண்ணுவது பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. லதா இரண்டாவது பிரசவத்துக்கு வந்தபோது ஆரத்தி எடுத்து முடித்த கையோடு கௌரம்மாக்கா கீழே இறங்கி வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"காஸ் ஸ்டாக் இருக்கா?"